லத்தீனில் உங்களைப் பிடித்துக்கொண்டு விடாத ஒரு வரி: அனுபவம் சொல்லுங்கள்

திண்ணைப்பேச்சு:
கேலியஸ் வழக்கு உரையை வாசித்தவர்களுக்கு உடனே புரியும். கிமு 56. ரோமானியப் பேச்சாளர் சிசரோ, கேலியஸ் என்ற இளைஞனுக்காக வாதாடுகிறார். எதிர்த்தரப்பில் இருந்த குளோடியா என்ற பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர், ‘அந்தப் பெண்ணின் கணவனோடு எனக்குப் பகை மட்டும் இல்லாவிட்டால்...’ என்று ஆரம்பித்து, சட்டென்று, ‘சகோதரன் என்று சொல்ல வந்தேன், இந்த இடத்தில் எப்போதும் வாய் தவறிவிடுகிறது’ என்கிறார். உடன்பிறந்தவனோடு அவளுக்குத் தொடர்பு என்று ஊரில் ஓடிய பேச்சைக் குற்றச்சாட்டாக வைக்காமலே நடுவர்கள் காதில் போட்டாயிற்று. பேருந்தில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன், பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். ஆனால் அன்றிலிருந்து ஒன்று குடைகிறது. உரைகளைத் திருத்தி எழுதிப் பிறகு வெளியிட்டவர் அவர். மன்றத்தில் நிஜமாகவே நாக்கைக் கடித்துக்கொண்டாரா, இல்லை வீட்டில் நிதானமாக உட்கார்ந்து சேர்த்தாரா? யாராவது சொல்லுங்கள்.

மழைக்காகிதம்:
உங்கள் கேள்விக்குப் பதில் தெரியாது, என் கதை வேறு. ஜெர்மனியில் இருக்கிறோம், மகள் பள்ளியில் லத்தீன் எடுத்திருக்கிறாள். கவிஞர் ஓவிடின் ‘உருமாற்றங்கள்’, ஆறாம் புத்தகம், பெண் தெய்வம் லத்தோனாவுக்குக் குடிக்கத் தண்ணீர் விடாமல் குளத்துச் சேற்றைக் காலால் கலக்கிவிட்ட லிக்கியா ஊர்க்காரர்கள் தவளையாகும் இடம். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் சாப்பாட்டு மேசையில் சத்தமாக வாசிக்கிறாள்: ‘க்வாம்விஸ் சிந்த் சுப் அக்வா, சுப் அக்வா...’ தண்ணீருக்கு அடியில் போன பிறகும் திட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று அர்த்தம். உள்ளே படுத்திருந்த சின்னவனுக்கு ஒரு வார்த்தை லத்தீன் தெரியாது. கட்டிலில் இருந்தே ‘தவளை! தவளை!’ என்று கத்தினான். மகள் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஆசிரியர் கொடுத்த தாளில் ‘ஒலிக்குறிப்பு’ என்று ஒரு வார்த்தை இருந்தது, அவ்வளவுதான்.

மோனைப்பிரியன்:
தவளை வரி நல்ல வரிதான், ஆனால் இதற்கு ஏன் இவ்வளவு வியப்பு? மோனை நமக்குப் பழைய சங்கதி. குருமடத்தில் நாங்கள் படித்தபோது வயதான சாமியார் ஒருவர் பழைய ரோமானியக் கவிஞர் என்னியஸின் வரியைச் சொல்லச் சொன்னார்: ‘ஓ தீதே தூதே தாதி திபி தாந்தா துராந்நே துலிஸ்தி’. வகுப்பே ஒன்றாகச் சொன்னது. முன்வரிசையில் இருந்தவன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். சாமியாரும் சேர்ந்து சிரித்தார். நம்மவர்கள் இதை யாப்பிலேயே வைத்தார்கள், அவர்கள் எப்போதாவது தொட்டுப் பார்த்தார்கள்.

கரிசல்மண்:
மோனைப்பிரியன், இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். நமக்கு மோனை தொடையில் சேர்ந்தது. லத்தீன் செய்யுள் நிற்பதே அசையின் நீட்டல் குறுக்கலில். முதல் எழுத்து ஒத்துவருவது கவிஞனின் விருப்பம், விதி இல்லை. அப்புறம் நீங்கள் பெருமையாகச் சொன்ன அதே வரியை ரோமானியர்களே கிண்டல் செய்திருக்கிறார்கள். ஹெரென்னியஸுக்கு எழுதிய அணிநூல், ஒரே எழுத்தை அளவு மீறிப் போட்டால் எப்படிக் கெடும் என்பதற்கு உதாரணமாகத்தான் அதை எடுத்துவைக்கிறது. உங்கள் சாமியார் சிரித்ததும் அதனால்தான் இருக்கும். எனக்குச் சொந்தக் கதை எதுவும் இல்லை, இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

பாதிவரி:
எனக்குக் கடல் தெய்வம் நெப்டியூன். வர்ஜிலின் காவியம் ஈனெய்ட், முதல் புத்தகம், காற்றுகள் கேட்காமல் கொள்ளாமல் கடலைக் கலக்கிவிட்டன. அவர் தலையை வெளியே நீட்டி ‘க்வோஸ் ஏகோ’ என்கிறார். ‘உங்களை நான்...’ அவ்வளவுதான், வினைச்சொல் வரவே இல்லை. முதலில் அலையை அடக்க வேண்டும் என்று வேலைக்குப் போய்விடுகிறார். அம்மா ‘உன்னை...’ என்று பல்லைக் கடித்து நிறுத்துவாரே, அதேதான். பேச்சுக்கலை ஆசிரியர் குயின்டிலியனும் பேச்சை முறிக்கும் அணிக்கு இந்த வரியைத்தான் காட்டுகிறார்.

மழைக்காகிதம், உங்கள் மகளுக்கு ஒன்று சொல்லுங்கள் (கேட்கவில்லைதான், இருந்தாலும்). அணிகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதில் நேரத்தைப் போட வேண்டாம். பென்சிலை எடுத்து, எந்தப் பெயரடை எந்தப் பெயரோடு சேர்கிறது என்று கோடு போடச் சொல்லுங்கள். கவிஞர் ஹோரஸின் பாடல்களில், முதல் புத்தகத்தில் ஐந்தாவது பாடல், முதல் வரி போதும்: ‘க்விஸ் முல்தா கிராகிலிஸ் தே புயெர் இன் ரோசா’. ‘நிறைய’ என்ற சொல் முன்னால், அதற்குரிய ‘ரோஜா’ வரிக் கடைசியில். உள்ளே ‘மெலிந்த’ ஒரு பக்கம், ‘பையன்’ மறுபக்கம். நட்ட நடுவில் ‘உன்னை’. பூக்குவியல் நடுவே பையன் கட்டிப்பிடித்திருக்கும் பெண்ணை வரியே கட்டிப்பிடித்திருக்கிறது. கோடு போட்டால் இது ஒரு நிமிடத்தில் தெரியும். பெயர் அப்புறம் தானாக ஒட்டிக்கொள்ளும். சத்தமாக வாசிப்பதையும் நிறுத்த வேண்டாம். தேர்வில் சொல்லைச் சுட்டிக்காட்டி அது அங்கே என்ன செய்கிறது என்று எழுதினால்தான் மதிப்பு. வெறும் பெயரை எழுதிவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.

ஒற்றைப்பனை:
கவிஞர் கட்டுல்லஸின் 85ஆம் கவிதை. இரண்டே வரி, எட்டு வினைச்சொல், ஒரு பெயர்ச்சொல்கூடக் கிடையாது. வெறுக்கிறேன், நேசிக்கிறேன், ஏன் என்று தெரியவில்லை, வதைபடுகிறேன். எனக்குப் பாடம் எடுத்தவர் ‘முரண்’ என்று பலகையில் எழுதிவிட்டு அடுத்த கவிதைக்குப் போய்விட்டார். இன்னும் கோபம் போகவில்லை.

ரயில்வேகேட்:
திண்ணைப்பேச்சு கேட்டதை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். கேலியஸ் உரைக்கு நேரடிச் சாட்சி கிடையாது. ஆனால் மிலோ வழக்கைப் பாருங்கள், கிமு 52. குளோடியாவின் அதே சகோதரன் குளோடியஸைக் கொன்ற வழக்கு, மிலோவுக்காக வாதாடியவர் சிசரோ. மன்றத்தைச் சுற்றி ரோமானியத் தளபதி பாம்பேயின் படைவீரர்கள், சிசரோ திணறினார், மிலோ தோற்று மசிலியாவுக்கு (இன்றைய மார்சேய்) நாடு கடந்து போனார். பிறகு சிசரோ உரையைச் சீராக எழுதி அவருக்கு அனுப்பினார். இப்படியே மன்றத்தில் பேசியிருந்தால் மசிலியாவின் இந்த அருமையான மீனை நான் சாப்பிட்டிருக்க முடியாதே என்று மிலோ பதில் சொன்னதாக வரலாற்றாசிரியர் தியோ காசியஸ் எழுதுகிறார். மார்க் ஆண்டனியைத் தாக்கி சிசரோ எழுதிய இரண்டாம் பிலிப்பிக் உரையோ மேடையே ஏறவில்லை. ஆனாலும் ஆண்டனி எதிரே உட்கார்ந்திருப்பது போலத்தான் அதில் திட்டு விழுகிறது.

திண்ணைப்பேச்சு:
மீன் கதை பிரமாதம். ஆனால் கேலியஸ் வழக்கில் சிசரோ ஜெயித்தாரே? என் கட்சி, அந்த ‘வாய் தவறியது’ மன்றத்திலேயே நடந்ததுதான். மாட்டேன் என்பவர்கள் வாருங்கள்.