மாணிக்கவாசகர் கையில் கணக்கோலையாம்!

வைகைக்கரையான்: நேற்று ஒரு காணொளி. "மாணிக்கவாசகர் பாண்டிய அமைச்சர், அதனால் சிலையில் கையில் அரண்மனைக் கணக்கோலை" என்று ஒருவர் அளக்கிறார். சோறு இறங்கவில்லை. பாண்டியன் கொடுத்த தென்னவன் பிரமராயன் பட்டத்தையே உதறி, குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்த மனுஷர் கணக்கைக் கட்டிக்கொண்டா நிற்பார்? இடுப்பில் கோவணம், கழுத்தில் உருத்திராக்கம், வலக்கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த சின்முத்திரை, இடக்கையில் திருவாசகச் சுவடி. சில செப்புத் திருமேனிகளில் அந்த ஓலையிலேயே 'நமசிவாய' பொறித்திருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தவன் சொல்கிறேன், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து.

சுவடிக்கிறுக்கன்: பார்த்தவரே, ஒரு சந்தேகம். திருவாசகத்தை எழுதியது தில்லைக் கூத்தன், அதாவது நடராசர். இவர் சொல்ல அவர் எழுதி, 'திருச்சிற்றம்பலமுடையான் எழுத்து' என்று முடித்தார் என்பதுதானே கதை? எழுதாதவர் கையில் சுவடி எதற்கு?

வைகைக்கரையான்: 'நமசிவாய' என்று எந்த ஊரில் குதிரைக் கணக்கு எழுதுகிறார்கள்?

தில்லைவாசி: ஐயா, அப்பருக்குப் புல் செதுக்கும் உழவாரம், சம்பந்தருக்குச் சுட்டுவிரல், இவருக்கு ஏடு. சைவ நால்வரை வேறுபடுத்த ஸ்தபதி வைத்த அடையாளம், அவ்வளவுதான்.

வைகைக்கரையான்: அடையாளமோ என்னமோ, 'நமசிவாய' இருக்கிறதா இல்லையா?

சுவடிக்கிறுக்கன்: எல்லாச் சிலையிலும் இருக்கிறதா? எழுத்தில்லாத ஓலைக்கு என்ன சொல்வீர்? அமைச்சர் என்றால் மட்டும் ஏன் இப்படிக் கூசுகிறது? ஆவுடையார்கோயிலில் மந்திரிக் கோலத்திலும் அவரைச் செதுக்கித்தானே வைத்திருக்கிறார்கள்?

வைகைக்கரையான்: அது கல், நான் சொல்வது செம்பு. பேச்சை மாற்றாதீர். போன ஆவணி மூலத்தன்று நரி பரியான கதையிலும் இப்படித்தான் நழுவினீர். திருவாதவூரிலிருந்து அவர் மதுரைக்குப் புட்டுத் திருவிழாவுக்கு எழுந்தருளும்போது கூடவே நடப்பவன் நான். எனக்கே பாடமா?

சுவடிக்கிறுக்கன்: நடந்தால் கால்தான் வலிக்கும், அறிவு வராது.

பொருநைப்பிள்ளை: இவர் பாடிய திருக்கோவையாரில் இரண்டு இடத்தில் 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் வரகுணன் வருகிறான். அப்புறமும் இவர் 3ஆம் நூற்றாண்டு என்கிறவர்களை என்ன செய்வது?

தில்லைவாசி: அதை யார் இங்கே கேட்டது?

வைகைக்கரையான்: காலத்தை அப்புறம் பார்க்கலாம். மூன்றாம் தடவை கேட்கிறேன்: ஓலையில் 'நமசிவாய'. பதில்?

சுவடிக்கிறுக்கன்: எழுத்தில்லாத ஓலை. பதில்?

வைகைக்கரையான்: படம் எடுத்துப் போடுகிறேன். அன்றைக்குக் கண்ணாடி மறந்துவிட்டேன் என்று சொல்லக் கூடாது.