முதல் பவளத் தொட்டி: 40 லிட்டரா, 180 லிட்டரா?

கடல்நுரை:
வணக்கம். நன்னீரில் மூன்று வருடமாகச் செடித்தொட்டி வைத்திருக்கிறேன். உப்புநீருக்கு இப்போதுதான் வருகிறேன். கையில் உள்ள பணம் எட்டு மாதமாகச் சேர்த்தது. தவறாகச் செலவழித்தால் மறுபடி அத்தனை மாதம் காத்திருக்கணும்.

இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, புதிதாக 40 லிட்டர் தொட்டி. நீளம் 40, அகலம் 30 சென்டிமீட்டர். சம்ப் (கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி), ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) எதுவும் கிடையாது. ஹீட்டர், தண்ணீரை ஓடவைக்கும் சின்ன வேவ் மேக்கர், ஒரு லைட், அவ்வளவுதான். பணத்தில் பாதி மிஞ்சும். இன்னொன்று, தொட்டி வளர்ப்பையே நிறுத்திவிட்ட ஒருவர் விற்கும் பழைய 180 லிட்டர் தொட்டி. 100-க்கு 45. சம்ப், ஸ்கிம்மர், லைட் எல்லாம் சேர்த்துத் தருகிறார். அதை எடுத்தால் உப்புக்கும் பாறைக்கும் மட்டுமே பணம் இருக்கும்.

ஒரு ஜோடி க்ளவுன் மீனும் ஹாமர் என்ற கல் பவளம் (கோரல்) ஒன்றும் வைக்க ஆசை. எதை எடுக்கலாம்?

நங்கூரம்:
180-ஐ எடுங்க. புதுசா வர்றவங்களுக்குச் சின்னத் தொட்டியை யாராவது சொன்னா எனக்கு மனசு கேக்காது. தண்ணி எவ்வளவு அதிகமோ, தப்பு அவ்வளவு மெதுவா நடக்கும். 40 லிட்டர்ல ஒரு நத்தை செத்து பாறைக்குப் பின்னாடி கிடந்தா, நீங்க கண்டுபிடிக்கிறதுக்குள்ள அமோனியா ஏறிடும். 180-ல அதே நத்தை செத்தா உங்களுக்குத் தெரியவே தெரியாது. தண்ணி ஆவியாகி உப்பு ஏறுறதும் அப்படித்தான்.

என் முதல் தொட்டி 30 லிட்டர். ஒரு ராத்திரி ஹீட்டர் அணையாம ஓடிக்கிட்டே இருந்திருக்கு. காலையில வந்து கையை விட்டுப் பாத்தேன், வெந்நீர் மாதிரி இருந்தது. தெர்மாமீட்டர்ல 33. ஹாமரோட சதை எலும்புக்கூட்டுலேருந்து பிரிஞ்சு, பழுப்பு நூலா தண்ணியில மிதந்துக்கிட்டு இருந்தது. அந்த வாடை இன்னும் மறக்கலை. பெரிய தொட்டியா இருந்திருந்தா ராத்திரியில ரெண்டு மூணு டிகிரிதான் ஏறியிருக்கும், காப்பாத்தியிருக்கலாம்.

சிப்பி:
நங்கூரம், உங்கள் இழப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த 30 லிட்டரில் எத்தனை வாட் ஹீட்டர் போட்டிருந்தீர்கள்?

நங்கூரம்:
100.

சிப்பி:
அப்போது குற்றம் ஹீட்டரின் மேல். 30, 40 லிட்டருக்கு 25 வாட் அல்லது 50 வாட் போதும். சின்ன ஹீட்டர் அணையாமல் மாட்டிக்கொண்டாலும் 100 வாட் அளவுக்கு வேகமாகத் தண்ணீரைச் சூடாக்காது. கூடவே தனியாக ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் வைத்தால் ஹீட்டரின் தெர்மோஸ்டாட் பழுதானாலும் அது மின்சாரத்தை நிறுத்திவிடும். இதை 180 லிட்டரிலும் செய்தே ஆகவேண்டும்.

ஆவியாதலுக்கு வருகிறேன். பெரிய தொட்டியில் உப்பு மெதுவாக ஏறும் என்று எல்லோரும் சொல்கிறோம், கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. நீர் ஆவியாவது மேற்பரப்பில். 40-க்கு 30 என்றால் 1200 சதுர சென்டிமீட்டர். 100-க்கு 45 என்றால் 4500. பரப்பு 3.75 மடங்கு, கொள்ளளவு 4.5 மடங்கு. அதாவது 40 லிட்டரில் ஒரு நாளைக்கு 800 மில்லி போனால், அதே அறையில் 180 லிட்டரில் 3 லிட்டர் போகும். ஒன்றில் 2 சதவீதம், மற்றதில் 1.7 சதவீதம். சம்ப்பின் பரப்பையும் சேர்த்தால் அந்தச் சிறு வித்தியாசமும் போய்விடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடு வரை நல்ல தண்ணீர் ஊற்றுவது. உப்பு ஆவியாகாது, அதனால் உப்பில்லாத தண்ணீர்தான் ஊற்றணும்.

இனி செலவு. லிட்டருக்கு ஏறக்குறைய 36 கிராம் உப்பு என்று வைத்தால் 180-ஐ முதல் முறை நிரப்பவே ஆறரைக் கிலோ. 40-க்கு ஒன்றரைக் கிலோ. வாரம் பத்து சதவீதம் மாற்றினால் அங்கே 18 லிட்டர். இங்கே இருபத்தைந்து சதவீதம் மாற்றினாலும் 10 லிட்டர், ஒரு வாளியில் அடங்கும். அங்கே ரிட்டர்ன் பம்ப், ஸ்கிம்மர் பம்ப், இரண்டு வேவ் மேக்கர், 200 வாட் ஹீட்டர் எல்லாம் நிற்காமல் ஓடும். தொட்டி வாங்குவது ஒரு நாள் செலவு. கடல்நுரை அதை மட்டுமே கணக்கில் எடுத்திருக்கிறார்.

நங்கூரம்:
ஆவியாதல் கணக்கு சரி. நான் அப்படி யோசிச்சதில்லை, ஒத்துக்கிறேன். ஆனா மீன் போடுற கழிவுக்குப் பரப்பு கணக்கு கிடையாது. ரெண்டு க்ளவுன், தினம் ரெண்டு வேளை தீனி. அந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் 40 லிட்டர்ல கரையணும். ஸ்கிம்மரும் இல்லை. இதுக்கு உங்க பதில்?

சிப்பி:
வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றுவதுதான் என் பதில். ஸ்கிம்மர் இல்லாமல் பவளம் வளராது என்பது பிற்பாடு வந்த நம்பிக்கை. இந்தோனேசியாவின் லீ சின் எங் 1961-லேயே தன் முறையை எழுதிவைத்தார். கடலிலிருந்து வந்த உயிருள்ள பாறை, கொஞ்சம் காற்றுக் குமிழி, நல்ல வெளிச்சம், அவ்வளவுதான். பாறையின் துளைகளுக்குள் இருக்கும் பாக்டீரியாதான் ஃபில்டர். பெர்லினில் தொட்டி வளர்த்தவர்கள் ஸ்கிம்மரைச் சேர்த்தது அதற்கப்புறம்.

நங்கூரம்:
லீ சின் எங் பக்கத்துல கடல் இருந்தது. வாளியில புதுத் தண்ணி மொண்டுக்கிட்டு வரலாம். எல்லாருக்கும் அது வாய்க்குமா?

பவளமல்லி:
இரண்டு பேரும் லிட்டரிலேயே நிற்கிறீர்கள். பணம் குறைவாக உள்ளவர் எதில் கை வைக்கக்கூடாது என்பதை யாரும் சொல்லவில்லை.

நான் முதல் வருடம், நீரின் உப்பை ஒளியை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்காமல், முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் வைத்துச் சமாளித்தேன். ஒப்படர்த்தி 1.025 காட்டியது. சரியான அளவு, சந்தோஷம். ஆனால் லெதர் கோரல் (தோல் போன்ற மென்பவளம்) ஒரு மாதமாக முகத்தை மூடிக்கொண்டே இருந்தது. தினமும் காலையில் எழுந்ததும் போய்ப் பார்ப்பேன், மழமழவென்று மெழுகு பூசியது போல் நிற்கும். லைட்டைக் கூட்டினேன், குறைத்தேன், இடம் மாற்றினேன். அயோடின் குறைவோ என்று அதையும் வாங்கினேன். கடைசியில் ஒருவரின் ரிஃப்ராக்டோமீட்டரை இரவல் வாங்கி, 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலில் அளவு சரிசெய்து, ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். 1.021. ஹைட்ரோமீட்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, முள்ளின் அடியில் கடுகளவு காற்றுக்குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவை முள்ளைத் தூக்கி, இல்லாத உப்பைக் காட்டியிருக்கின்றன. நான்கைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பை ஏற்றினேன். லெதர் தோலை உரித்துவிட்டு விரிந்தது.

அந்த அயோடினுக்கும் மற்றதற்கும் கொட்டிய காசில் ரிஃப்ராக்டோமீட்டரும் அதற்கான கரைசலும் தாராளமாக வந்திருக்கும்.

அடுத்தது தண்ணீர். குழாய்த் தண்ணீரில் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட், சில சமயம் தாமிரம்கூட இருக்கும். தாமிரம் மீனுக்கு மருந்து, இறாலுக்கும் பவளத்துக்கும் விஷம். ஆர்ஓ-வுக்குப் பின்னால் மிச்ச அயனிகளை நீக்கும் டிஐ ரெசின், டிடிஎஸ் (கரைந்த பொருள்களின் அளவு) பூஜ்யம், இதில் பேரம் இல்லை. வீட்டில் குடிநீர் ஆர்ஓ இருந்தால் கனிமம் சேர்க்கும் கார்ட்ரிட்ஜுக்கு முன்னாலேயே குழாய் பிரித்து, ஒரு சின்ன டிஐ குப்பி மாட்டினால் முழு யூனிட் வாங்கும் செலவு மிச்சம்.

என் கணக்குப்படி 180-ஐ எடுத்தால் இந்த இரண்டுக்கும் அவரிடம் காசு இருக்காது. அதனால் நான் சிப்பியின் பக்கம். இந்தக் காரணத்துக்காக மட்டும்.

கடல்நுரை:
ரொம்ப நன்றி அக்கா. ரிஃப்ராக்டோமீட்டரை நான் பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

பாறை பற்றிக் கேட்கணும். 180 விற்கிறவரிடம் பழைய லைவ் ராக்கும் (உயிருள்ள பாறை) இருக்கிறது, தனியாகவும் தருகிறேன் என்கிறார். அதை எடுக்கலாமா, உயிரில்லாத ட்ரை ராக் வாங்கலாமா?

நங்கூரம்:
லைவ் ராக் எடுங்க. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன். பாக்டீரியா, ஊதா நிற கோரலைன் பாசி, கோப்பிபாட்ங்கிற நுண்ணிய ஓட்டுயிர், குட்டிப் புழு எல்லாம் ஏற்கெனவே அதுல இருக்கு. ஈரமாவே கொண்டுவந்தா தொட்டி ரெண்டு மூணு வாரத்துல நிலைச்சுடும். ட்ரை ராக் போட்டவங்க முதல்ல டயாட்டம்ங்கிற பழுப்புப் பாசி, அப்புறம் பச்சை முடிப்பாசி, அதுக்கப்புறம் டைனோங்கிற பிசுபிசுப்புப் பாசின்னு ஆறு மாசம் அழுதுட்டு இருப்பாங்க.

சிப்பி:
லைவ் ராக்கில் ஏய்ப்டேசியாவும் வரும். பழுப்பு நிறத்தில் குட்டித் தென்னைமரம் போல நிற்கும் அனிமோனி. நறுக்கினால் துண்டுக்கு ஒன்றாக முளைக்கும். 40 லிட்டரில் அது பரவிவிட்டால் கோரலுக்கு இடமே இருக்காது. ட்ரை ராக்கில் பொறுமை மட்டும்தான் செலவு. அமோனியா 2 பிபிஎம் வரை ஊற்றி, பாட்டில் பாக்டீரியா சேர்த்து, நான்கு முதல் ஆறு வாரம் காத்திருந்தால் போதும். ஊற்றிய அமோனியா 24 மணி நேரத்தில் பூஜ்யத்துக்கு வந்து, நைட்ரைட்டும் பூஜ்யமானால் தயார். சைக்கிளுக்காக (பாக்டீரியா நிலைபெறும் காலம்) மீனைப் போட்டு வதைக்க வேண்டாம்.

அலைவாசி:
இதுக்கு ஏன் இவ்வளவு சண்டை? லைவ் ராக்கை எடுத்துட்டுப் போய் பெரிய பாத்திரத்துல நல்லா கொதிக்க வச்சா ஏய்ப்டேசியா எல்லாம் செத்துரும். காசும் மிச்சம்.

பவளமல்லி:
கடல்நுரை, தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இதைப் படிக்கும் வேறு யாரும் செய்யாதீர்கள்.

அந்தப் பாறையில் சோயன்திட் அல்லது பாலிதோவா (பாய் போலப் பரவும் மென்மையான பவள உறவினங்கள்) ஒட்டியிருந்தால் அதில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். 1971-ல் ஹவாயில் பாலிதோவாவிலிருந்து பிரித்தெடுத்த இந்த நஞ்சு, இயற்கையில் தெரிந்த மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. கொதிக்க வைத்தால் அது அழியாது, ஆவியோடு காற்றில் கலக்கும். பாறையை இப்படிச் சுத்தம் செய்யப் போய் வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் மூச்சுத்திணறலோடும் காய்ச்சலோடும் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. வெந்நீர் ஊற்றுவது, வெளியே வைத்துப் பிரஷ்ஷால் தேய்ப்பது, ஸ்டீம் அடிப்பது, எதுவும் வேண்டாம். சோயன்திட்டைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஏய்ப்டேசியாவுக்குப் பெப்பர்மின்ட் இறால் விடலாம், அல்லது சுண்ணாம்பு நீர் பசையைச் சிரிஞ்சில் எடுத்து அதன் வாயிலேயே விடலாம்.

அலைவாசி:
இது எனக்குத் தெரியாது. நல்லவேளை சொன்னீங்க. நான் போன மாசம்தான் ஒரு கல்லைக் கொதிக்க வைக்கலாம்னு இருந்தேன்.

நங்கூரம்:
மல்லி சொன்னதுல ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாம்.

பாறை விஷயத்துல என் பேச்சைக் கொஞ்சம் திருத்திக்கிறேன். விற்கிறவர் வீட்டுல தொட்டி ஓடிக்கிட்டு இருக்கும்போதே போய்ப் பாருங்க. லைட் எரியுற நேரத்துல ஒவ்வொரு பொந்தா டார்ச் அடிச்சுப் பாருங்க. ஏய்ப்டேசியா இல்லாத ரெண்டு கல்லு மட்டும் வாங்குங்க. தாமிர மருந்து எப்பவாவது அந்தத் தொட்டியில போட்டாரான்னு கேளுங்க. போட்டிருந்தா கல்லும் வேண்டாம், தொட்டியும் வேண்டாம்.

ஆனா 40 லிட்டர்ல ஜோடி க்ளவுனுக்கு நான் ஒத்துக்கவே மாட்டேன். பெட்டை முழுசா வளந்தா பத்து சென்டிமீட்டர் பக்கம் வரும். முப்பதுக்கு நாப்பதுல அது நீந்துறதில்லை, திரும்புது. பட்ஜெட் உங்களோடது, உயிர் அதோடது.

சிப்பி:
நான் பல ஜோடிகளை அந்த அளவில் ஆரோக்கியமாகப் பார்த்திருக்கிறேன். அவை அனிமோனியை விட்டு அதிக தூரம் போகாத மீன்கள்.

நங்கூரம்:
சாகலைங்கிறது வேற, நல்லா இருக்குங்கிறது வேற. இதுல நான் இறங்கி வரமாட்டேன்.

கடல்நுரை:
ஹாமர்?

சிப்பி:
உடனே வேண்டாம். முதல் நான்கு மாதம் காளான் கோரல், சோயன்திட், லெதர். இவற்றுக்கு 50 முதல் 150 வரை பார் (ஒளிச்சேர்க்கைக்கு உதவும் வெளிச்சத்தின் அளவு) இருந்தால் போதும், சாதாரண லைட் தாங்கும். ஹாமருக்கு ஆல்கலினிட்டி (நீர் அமிலத்தைத் தாங்கும் திறன்) ஒரே இடத்தில் நிற்கணும், 8-லிருந்து 9 டிகேஹெச் (அதன் அலகு), கால்சியம் 400 பிபிஎம்முக்கு மேல். ஒரு ஹாமர் குடிப்பதை வாராந்தர வாட்டர் சேஞ்சே ஈடுகட்டிவிடும், கனிமம் சேர்க்கும் டோசிங் பம்ப் வேண்டாம். ஆல்கலினிட்டி டெஸ்ட் கிட் மட்டும் வாங்குங்கள். இரவில் அதன் கொட்டும் கைகள் நீளும், பக்கத்தில் ஒரு சாண் இடம் காலியாக விடணும்.

பவளமல்லி:
கடலிலிருந்து எடுத்ததை வாங்காதீர்கள். ஹாமர் உள்பட கல் பவளங்கள் எல்லாமே, அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருக்கின்றன. வளர்ப்பவர்களிடம் ஃப்ராக் (வெட்டிய பவளத் துண்டு) வாங்கினால் விலையும் குறைவு, தொட்டி வெளிச்சத்துக்குப் பழகியும் இருக்கும்.

கடல்நுரை:
முடிவு செய்துவிட்டேன். 40 லிட்டர். மிஞ்சும் பணத்தில் முதலில் ரிஃப்ராக்டோமீட்டர், கரைசல், டிஐ குப்பி, 50 வாட் ஹீட்டர், கன்ட்ரோலர். இரண்டு லைவ் ராக், மீதி ட்ரை ராக்.

க்ளவுன் இந்தத் தொட்டியில் இல்லை. நங்கூரம் அண்ணா எழுதியதைப் படித்த பிறகு, வீட்டில் ஒரு அட்டையில் 40-க்கு 30 வெட்டி, அதன் மேல் பத்து சென்டிமீட்டர் காகித மீனை வைத்துப் பார்த்தேன். மனசு வரவில்லை. சின்னக் கோபி மீன் ஒன்று, அதுவும் மூன்றாவது மாதம். க்ளவுனுக்கு வேறு தொட்டி சேர்க்கிறேன்.

நங்கூரம்:
எனக்கு இன்னும் 180-தான் சரின்னு படுது. ஆனா இப்படி யோசிக்கிறவர் 40-லயும் நல்லா பாத்துப்பார்.

மூணாவது வாரம் மணல் மேல பழுப்புப் படலம் வரும். அது டயாட்டம். எதையும் ஊத்தாதீங்க, தானா போயிடும். அமோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம்னு வந்த அன்னைக்கு இங்க எழுதுங்க. என்கிட்ட ஜிஎஸ்பிங்கிற மென்பவளம் பச்சைப் பாய் மாதிரி விரிஞ்சு கிடக்கு, ஒரு துண்டு வெட்டித் தர்றேன். மணல்ல தனிக்கல் மேல வைங்க. பெரிய பாறையைத் தொட்டுச்சுன்னா மொத்தத்தையும் மூடிடும்.