சார்லஸ் ராபர்ட் ஃப்ளோரின்: 2012 வெளியீடா, இடைக்கால அசலா?

நாணயவேல்:
என் ஓட்டு ஹங்கேரி மத்திய வங்கியின் 2012 வெளியீட்டுக்கு. மன்னர் சார்லஸ் ராபர்ட் 1325-ல் ஃபுளோரன்ஸ் நகரக் காசை ஒட்டி அடிக்கத் தொடங்கிய பொற்காசான ஃப்ளோரினின் நினைவு இது. 3.491 கிராம், 986 தூய்மை (ஆயிரத்தில் 986 பங்கு பொன்), 20 மி.மீ., முகமதிப்பு 50,000 ஃபோரிண்ட் (ஹங்கேரி நாணயம்). மன்னர் முகத்தை மட்டும் பொறித்து ஒரு அவுன்சில் அடிப்பதைவிட, பழைய எடையையே பின்பற்றிய இது எவ்வளவோ மேல்.

செம்பியன்:
எடை ஒத்தால் போதுமா சார்? உள்ளே இருப்பது 3.442 கிராம் பொன். சேகரிப்பாளர் அமையாவிட்டால் அதற்குத்தான் காசு கிடைக்கும். இன்னும் கொஞ்சம் சேர்த்தால் மன்னர் சிகிஸ்மண்ட் (1387–1437) காலத்து அசலே வாங்கலாம்; ஏராளமாக அடிக்கப்பட்ட காசு அது. ஒரு பக்கம் போர்க்கோடரியோடு புனித லாடிஸ்லாஸ், மறுபக்கம் நான்காகப் பிரித்த கேடயம். சம்மட்டி அடி சற்று விலகி, ஓரத்தில் ஓரிரு எழுத்து வெளியே போயிருக்கும். அந்த உயிர் இயந்திரக் காசில் வராது.

நாணயவேல்:
புதிதாகச் சேர்ப்பவர் வார்ப்புப் போலியில்தான் போய் விழுவார்.

செம்பியன்:
பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். வார்ப்பென்றால் எழுத்தின் அடி மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசிமுனைக் குழி, விளிம்பில் அரம் போட்ட கோடு தெரியும். விளிம்பில் பற்றவைப்புத் தழும்பு இருந்தால் நகையில் கோத்தது. அசலே ஆனாலும் விலை இறங்கும். கூடவே நீரில் நிறுத்து அடர்த்தி பாருங்கள்.

துலாக்கோல்:
அந்த நீர்ச் சோதனையில்தான் பலர் தவறுகிறார்கள். 986 பொன்னின் அடர்த்தி சுமார் 19. காசின் எடையை அது விலக்கும் நீரின் எடையால் வகுத்தால் வருவதுதான் அடர்த்தி; இந்தக் காசு விலக்கும் நீர் வெறும் 0.183 கிராம். தராசு 0.01 கிராம் பிசகினாலே விடை 18-க்கோ 20-க்கோ ஓடிவிடும். 0.001 கிராம் தராசு கட்டாயம். மெல்லிய நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் முழுக்க மூழ்கடியுங்கள். ஒட்டும் காற்றுக்குமிழ் எடையைக் குறைத்துக் காட்டும். நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழ் நிற்காது. 2012 வெளியீட்டிலேயே நான்கு மடங்கு எடையில் வந்த தடித்த வடிவத்துக்கு (13.964 கிராம்) 0.01 தராசே போதும். ஆனால் டங்ஸ்டன் அடர்த்தி 19.25; அதை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது.

நாணயவேல்:
வரியையும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1800-க்குப் பிந்தைய, 900-க்குக் குறையாத தூய்மையுள்ள, சட்டப்படி செல்லுபடியான பொற்காசுக்கு மதிப்புக்கூட்டு வரி கிடையாது. இடைக்கால அசலுக்கு அந்தச் சலுகை இல்லை.

செம்பியன்:
ஒரு நிபந்தனையை விட்டுவிட்டீர்கள். விலை பொன்மதிப்பைவிட 80%-க்கு மேல் போகக்கூடாது. புரூஃப் தரம் (சேகரிப்பாளருக்கென மெருகேற்றி அடித்தது), அழகுப் பெட்டி என்று விலையை ஏற்றுபவரிடம் இது எளிதில் தாண்டிவிடும். அன்றைய கிராம் விலையை 3.442-ஆல் பெருக்கி, வந்ததை 1.8-ஆல் பெருக்குங்கள். கேட்கும் விலை அதற்கு மேலே என்றால் வாங்காதீர்கள்.