மேச்சேரிக் குட்டிகளுக்குச் செக்கெண்ணெய் கலக்கலாமா?

ஓமலூரான்:
மேச்சேரி இனச் செம்மறிக் கிடாக்குட்டிங்க, நாலு மாசம், பால் மறந்தாச்சு. எடை 15 கிலோ பக்கம். பக்ரீத்துக்குத் தேத்தணும். செக்குல கடலை எண்ணெய்க் கசடு மலிவா தர்றாங்க. குட்டிக்கு ஒரு நாளைக்கு 50 மில்லி தீவனத்துல ஊத்தலாமா?

செம்மறி மாமா:
50 மில்லியா! கழிஞ்சே இளைச்சுப் போகும் தம்பி. அந்த எடைக்குட்டி ஒரு நாளைக்குத் தின்னுற தீவனமே, ஈரம் போக, 600 கிராம் சுமார்தான். மொத்தக் கொழுப்பு அதுல 5 சதவீதத்தைத் தாண்டுனா எண்ணெய் சோளத்தட்டு மேல படிஞ்சுக்கும், பெருவயித்துல நாரைச் செரிக்கிற நுண்ணுயிருங்க முடங்கிடும். தவிடு, புண்ணாக்குல இருக்கிற எண்ணெயும் இந்தக் கணக்குதான். 10 மில்லி போதும், அதையும் கொஞ்சங்கொஞ்சமா ஏத்துங்க.

பட்டிக்காரி:
கசடே வேண்டாங்க. சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். பொடிப் புண்ணாக்கும் கலந்திருக்கும். கடலை பூஞ்சை பிடிச்சதுன்னா அஃப்ளாடாக்சின்ங்கிற பூஞ்சை நஞ்சு அந்தப் பொடியிலதான் தங்கும். நல்ல மரச்செக்குப் புண்ணாக்குலயே எண்ணெய் மிச்சம் இருக்கு, புரதமும் கிடைக்கும். வளர்ற குட்டிக்குப் புரதம் இல்லாம வெறும் எண்ணெய் எதுக்கு?

ஓமலூரான்:
புண்ணாக்கு விலைக்குப் பயந்துதான் கசடுக்கே போனேன். வரப்புல வேலிமசால் இருக்குதுங்க, அக்கா.

பட்டிக்காரி:
அப்புறமென்ன? அது புரதம் உள்ள தழைதானே, வெட்டி, வாடவிட்டுப் போடுங்க. புண்ணாக்கைக் குறைச்சுக்கலாம்.