சுவருக்குப் பின்னால் போன பிறகும் சாவது ஏன்? கேம் புரோகிராமிங் எங்கிருந்து தொடங்குவது?

கேட்பவர்: மொட்டைமாடி7

வேலரண்ட்னு ஒரு துப்பாக்கிச் சண்டை கேம், அதோட ஆன்லைன் டோர்னமென்ட்கள் வெறுத்துப்போச்சு. 64 அணி, ஒரே மேட்ச், தோத்தா வெளியே. அதுலயும் சுவருக்குப் பின்னால் ஒதுங்கின பிறகுதான் செத்து விழறேன். நெட் வேகம் 100 எம்பிபிஎஸ், பிங் (சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) 35 மில்லிசெகண்ட். விளையாடுறதை விட, இதெல்லாம் உள்ளே எப்படி ஓடுதுன்னு கத்துக்கலாம்னு தோணுது. லேப்டாப்ல 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. பைத்தான் கொஞ்சம் தெரியும். கேம் செய்யுற மென்பொருள்ல யூனிட்டியா, அன்ரியலா, கோடோவா? நேரா மல்டிபிளேயரே செய்யலாமா?

பதில்: தாமதராஜா

எம்பிபிஎஸ்ஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. எதிராளிக்கும் உங்க பிங்தான்னு வெச்சுக்கிட்டா, அவர் நகர்ந்த செய்தி சர்வருக்குப் போக 17 மில்லிசெகண்ட், அங்கிருந்து உங்களுக்கு வர இன்னொரு 17. வேலரண்ட் சர்வர் ஆட்ட நிலையைக் கணக்கிடுறது (டிக்) செகண்டுக்கு 128 தடவை, அதாவது ஒரு டிக்குக்கு சுமார் 8 மில்லிசெகண்ட். போதாததுக்கு, அசைவு வெட்டி வெட்டித் தெரியாம இருக்க கேம் கொஞ்சம் தாமதம் சேர்க்கும். ஆக, ரெண்டு பேருமே மற்றவரோட பழைய நிலையைத்தான் பார்க்கிறீங்க. அவர் திரையில் நீங்க இன்னும் வெளியே நிக்கிறீங்க, சுடுறார். சர்வர் காலத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்து 'பட்டது'ன்னு தீர்ப்பு சொல்லுது. எல்லாச் சாவும் ஹேக் இல்லை.

சரிபார்க்க வேண்டியது வைஃபை. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ரூட்டர் முகவரிக்கே 100 தடவை பிங் அடிங்க. 2, 3ன்னு வந்துட்டு நடுவில் 40க்கு எகிறினா கோளாறு வீட்டுக்குள்ளதான், ஈதர்நெட் கேபிள் போடுங்க. கேபிள் போட்டும் கேமில் பிங் எகிறினா யாராவது அப்லோடு ஓட்டுறாங்களான்னு பாருங்க.

64 அணி நாக்அவுட்டில் முதல் சுற்றிலேயே 32 அணி போயிடும். 6 சுற்றில் முடியுதேன்னு நடத்துறவங்களுக்கு வசதி, அவ்வளவுதான். ஸ்விஸ் முறையோ (ஒரு தோல்வியில் வெளியேறாம, ஒத்த வெற்றிக் கணக்கு உள்ளவங்களோட பல சுற்று ஆடுறது) டபுள் எலிமினேஷனோ (ரெண்டு தடவை தோத்தாதான் வெளியே) இருக்கும் போட்டியாப் பாருங்க.

பதில்: பிக்சல்பாண்டி

இந்த லேப்டாப்புக்கு கோடோ 4. இன்ஸ்டால்கூட வேண்டாம், ஜிப்பை விரித்தால் ஓடும். அன்ரியலை மறந்துவிடுங்கள்.

கோடோவில் கேமை நோடு எனும் துண்டுகளால் கட்டுவோம். ஆளுக்குக் கேரக்டர்பாடி2டி நோடு ஒன்று, அதன் கீழே படத்துக்கு ஸ்ப்ரைட்2டி, மோதலைக் கண்டறியும் வடிவத்துக்குக் கொலிஷன்ஷேப்2டி. தரைக்கு ஸ்டாட்டிக்பாடி2டி, அதற்கும் தனியாக ஒரு கொலிஷன்ஷேப். ஸ்கிரிப்ட் சேர்க்கும்போது பேசிக் மூவ்மென்ட் டெம்ப்ளேட்டை எடுத்தால் வேகம் 300, குதிப்பு மைனஸ் 400 என்று எழுதித் தரும். 2டியில் ஒய் அச்சு கீழ்நோக்கிக் கூடுவதால்தான் அந்த மைனஸ். ஈர்ப்பு 980. குதிக்கும் உயரம், வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பின் இருமடங்கால் வகுத்தது: சுமார் 82 பிக்சல். உயரம் இருமடங்காகட்டும் என்று 800 போட்டால் நான்கு மடங்கு பறக்கும்.

ஆள் தரையைத் துளைத்து விழுந்தால் தரையின் கொலிஷன்ஷேப்புக்குள் வடிவம் காலியாக இருக்கும். மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கும். வடிவத்தைப் பெரிதாக்க ஸ்கேலைத் தொடாதீர்கள், ஆரஞ்சுப் புள்ளிகளை இழுங்கள். இன்னொரு தவறு: வெலாசிட்டியை டெல்டாவால் (ஒரு ஃபிரேமுக்கு ஆகும் நேரம், 1/60 செகண்ட்) பெருக்கிவிட்டு, ஆளை நகர்த்தும் மூவ்_அண்ட்_ஸ்லைடு ஃபங்ஷனை அழைப்பது. அது டெல்டாவைத் தானே கணக்கில் எடுக்கும். நீங்களும் பெருக்கினால் 300 பிக்சல் வேகம் 5 ஆகிவிடும், ஆள் ஆமைபோல ஊர்வார்.

பதில்: எல்லைக்கோடு

மல்டிபிளேயரை இப்போதைக்குத் தொட வேண்டாம். நிறைய இணைப்புகள் சிஜிநாட்டுக்குப் (பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபி முகவரியை நெட் நிறுவனம் பகிர்ந்து தர்ற முறை) பின்னால் இருக்கு. உங்க வீட்டில் சர்வர் ஓட்டினா நண்பரால் நேரா இணைய முடியாது. நீங்க எழுதின புரோகிராம் தப்புன்னு நினைச்சு நாள்கணக்கா மண்டையை உடைப்பீங்க.

அதுக்குப் பதிலா தாமதத்தையே செஞ்சு பாருங்க. நீலப் பெட்டி, சிவப்புப் பெட்டி, நடுவில் ஒரு சுவர் படம். நீலம் கீபோர்டுக்கு உடனே நகரும். அதே திசையை ஒவ்வொரு ஃபிசிக்ஸ் ஃபிரேமிலும் ஒரு அர்ரேயின் (வரிசைப் பட்டியல்) கடைசியில் சேருங்க. நீளம் 6ஐத் தாண்டினதும் முன்னால் இருக்கிறதை எடுத்து சிவப்புக்குக் கொடுங்க. செகண்டுக்கு 60 ஃபிரேம், அதனால் 6 ஃபிரேம் 100 மில்லிசெகண்ட். 300 வேகத்தில் சிவப்பு 30 பிக்சல் பின்தங்கும். நீலம் சுவருக்குப் பின்னால் ஒளிஞ்ச பிறகும் சிவப்பு வெளியே நிக்கும். எதிராளி சுடுறது அந்தச் சிவப்பைத்தான்.

கேட்பவர்: மொட்டைமாடி7

செஞ்சுட்டேன், புரியுது. ஆனா சிவப்பு 30 இல்ல, 12, 13 பிக்சல்தான் பின்தங்குது. மானிட்டர் 144 ஹெர்ட்ஸ்.

பதில்: எல்லைக்கோடு

அர்ரேயை _ப்ராசஸ் ஃபங்ஷனில் எழுதியிருக்கீங்க. அது மானிட்டரோட சேர்ந்து செகண்டுக்கு 144 தடவை ஓடும், 6 ஃபிரேம் வெறும் 42 மில்லிசெகண்ட்தான். ரெண்டு பெட்டியோட புரோகிராமையும் செகண்டுக்கு 60 தடவை ஓடுற _ஃபிசிக்ஸ்_ப்ராசஸுக்கு மாத்துங்க, 30 வந்துடும்.