சென்ட்ரலிலிருந்து ஜிஹெச் ஐந்து நிமிடமாம்!

வால்டாக்ஸ்ரோட்டான்:
நேற்று இந்தத் தளத்தின் இன்னொரு விவாதத் திரியில் கணக்கன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "நடைபாதையில் கிடப்பவர்களைத் தேடி டாக்டர் போவது வீண் வேலை. சென்ட்ரலுக்கு எதிரிலேயே ஜிஹெச். ஐந்து நிமிட நடை, காசும் கிடையாது." இதுதான் அவர் சொன்னது.

யாருக்கு ஐந்து நிமிடம்? ஏழு வருடமாக ஞாயிறு இரவுகளில் ஒரு டாக்டரோடு மருந்துப் பெட்டி தூக்கிக்கொண்டு போகிறவன் நான். போன வாரம் ஒரு பெரியவர், சர்க்கரைக்காரர், குதிகாலில் புண். கட்டியிருந்த கிழிசல் துணி சதையோடு ஒட்டிக்கிடந்தது. சலைன் ஊற்றி ஊறவைத்துப் பிரிக்கவே அரை மணி நேரம். உள்ளே புழு. டர்பன்டைன் விட்டு, வெளியே வர வர இடுக்கியால் எடுத்தோம். அவரை நடக்கச் சொல்லுங்கள் பார்ப்போம்.

கணக்கன்:
கதை எல்லோரிடமும் இருக்கிறது. நான் தூரத்தைச் சொன்னேன். ஸ்டேஷன் வாசலிலிருந்து சுரங்கப்பாதை வழியாக நடந்து பார்த்தவன் நான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. டாக்டர், படுக்கை, மருந்து எல்லாம் அங்கே இருக்கும்போது பெட்டி தூக்கி அலைவது யாருக்காக? போட்டோவுக்கா?

வால்டாக்ஸ்ரோட்டான்:
போட்டோவா? ஏழு வருடத்தில் நான் போட்ட ஒரே ஒரு போட்டோவைக் காட்டுங்கள், இந்தப் பக்கமே வரமாட்டேன். சரி, சுரங்கப்பாதையில் எத்தனை படி என்று எண்ணினீர்களா?

ரிப்பன்மாளிகை:
மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறதே.

வால்டாக்ஸ்ரோட்டான்:
நாறும் காலோடு தரையில் தேய்ந்துகொண்டு வருகிறவரை அந்த லிஃப்ட் வரைக்கும் விடுவார்களா?

ரிப்பன்மாளிகை:
லிஃப்ட் இருக்கிறதா இல்லையா என்பதுதான் என் கேள்வி. இருக்கிறது.

மதுரைநர்ஸ்:
22 வருடம் வார்டில் நின்றவள் சொல்கிறேன். தூரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். வாசலில் முதல் கேள்வியே "கூட யார் வந்திருக்கா?" என்பதுதான். கூட ஆள் இல்லையென்றால் ஸ்ட்ரெச்சர் தள்ளக்கூட ஆள் கிடையாது. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம், சென்னை அல்ல) அப்படி ஒருவர் மதியம் வரை ஓபி சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஆனால் வால்டாக்ஸ் தம்பி, ஞாயிறுக்கு ஞாயிறு போனால் டிபிக்கு என்ன செய்வீர்கள்? முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அப்புறம் நாலு மாதம் மூன்று மருந்து, தினமும். நடுவில் விட்டால் மருந்துக்கு அடங்காத டிபியாக மாறும். அரைகுறை வைத்தியம் ஆபத்து.

வால்டாக்ஸ்ரோட்டான்:
அரைகுறை என்று சொல்லாதீங்க அக்கா, வலிக்கிறது. மாத்திரை அட்டை டீக்கடை அண்ணனிடம் இருக்கிறது. காலை டீயோடு அவரே கையில் கொடுத்து, விழுங்கும்வரை பார்க்கிறார். போன வருடம் இரண்டு பேர் ஆறு மாதத்தையும் முடித்தார்கள். இன்சுலின் குப்பியும் அவர் ஃப்ரிட்ஜில்தான், பால் பாக்கெட் பக்கத்தில்.

இது நான் கண்டுபிடித்ததும் இல்லை. கல்கத்தாவில் மிடில்டன் ரோ நடைபாதையிலேயே ஜாக் பிரெகர் வருடக்கணக்கில் மருத்துவம் பார்த்தார். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் ஜிம் விதர்ஸ் என்ற டாக்டர் 1992ல் வைத்தியம் பார்க்கத் தெருவில் இறங்கினார், தெருவில் வாழ்ந்த ஒருவரையே வழிகாட்டியாகக் கூட்டிக்கொண்டு. அவர்கள் ஊரிலும் ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருந்தது.

கணக்கன்:
கல்கத்தா, பிட்ஸ்பர்க் எல்லாம் எதற்கு? இங்கே 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் நடக்கிறது. மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இன்னும் என்ன வேண்டும்?

வால்டாக்ஸ்ரோட்டான்:
வீட்டுக்கே வருகிறது. நீங்களே சொல்லிவிட்டீர்கள். நல்ல திட்டம்தான், என் அம்மாவுக்கே பிரஷர் மாத்திரை அப்படித்தான் வருகிறது. கதவே இல்லாதவருக்கு எந்தக் கதவைத் தட்டுவது? 2011 கணக்கெடுப்பிலேயே நாட்டில் வீடில்லாதவர் 17 லட்சத்துக்கு மேல்.

கணக்கன்:
பேச்சை மாற்றாதீர்கள். ஐந்து நிமிடமா இல்லையா?

கொருக்குப்பேட்டை:
இவர் இப்படித்தான். தெருநாய்த் திரியிலும் ஒரே வரியை நாற்பது தடவை எழுதி எல்லோரையும் விரட்டினார். கணக்கன் சார், நீங்கள் இருப்பது ஷார்ஜாவில்தானே? எப்போது நடந்தீர்கள்?

கணக்கன்:
மே மாதம் லீவில் வந்தபோது. ஷார்ஜாவில் இருந்தால் சென்ட்ரல் தெரியாதா? அந்தத் திரியில் நீர் என்னை என்னவெல்லாம் சொன்னீர் என்று நான் மறக்கவில்லை.

மதுரைநர்ஸ்:
சண்டையை அங்கேயே போய் முடித்துக்கொள்ளுங்கள். தம்பி, அந்தப் பெரியவரை ஏன் 108ல் ஏற்றவில்லை? புழு வைத்த சர்க்கரைப் புண்ணை ரோட்டில் வைத்துக் கட்டிவிட்டு வருவது சரியா?

வால்டாக்ஸ்ரோட்டான்:
கூப்பிட்டோம் அக்கா. வண்டி வந்து நின்றது. அவர் ஏறவில்லை. அவருக்கு ஒரு மீன்பாடி வண்டி (சுமை ஏற்றும் மூன்று சக்கர வண்டி) இருக்கிறது. பிழைப்பும் அதுதான், படுக்கையும் அதுதான். "நான் உள்ள போனா இத யாரு பாத்துப்பா? திரும்பி வந்தா சங்கிலிகூட இருக்காது" என்றார். முன்பு ஒரு முறை அட்மிட் ஆகித் திரும்பியபோது மூட்டை, கார்டு எல்லாம் போயிருந்ததாம். வண்டியை என் வீட்டு வாசலில் கட்டிவைக்கிறேன் என்று பேசிக்கொண்டிருக்கிறேன். இன்னும் இரண்டு ஞாயிறு போனால் சம்மதிப்பார்.

மதுரைநர்ஸ்:
இரண்டு ஞாயிறு அந்தக் கால் தாங்காது. நாளைக்கே போங்கள்.

கணக்கன்:
பார்த்தீர்களா, நடக்க முடியாததால் அல்ல, வர மறுக்கிறார். தூரத்தைப் பற்றி நான் சொன்னது சரிதான்.

வால்டாக்ஸ்ரோட்டான்:
அக்கா, நாளை காலை போகிறேன். கணக்கன், அடுத்த லீவு எப்போது? வந்து அந்த வண்டியின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஒரு ராத்திரி உட்காருங்கள்.

ரிப்பன்மாளிகை:
லிஃப்டுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.