வேலிச்செடி குச்சி துளிர்க்குது, வேர் மட்டும் வரலை

தோட்டம்_பாலவாக்கம்:
காம்பவுண்டு சுவரை ஒட்டி 40 அடிக்கு வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும் வேலி வேண்டும். செம்பருத்தி, இட்லிப்பூ, நெட்டிலிங்கம் மூன்றிலும் இருபது இருபது குச்சி தொட்டிமண்ணில் நட்டேன். தினம் இரண்டு வேளை போர் தண்ணீர். செம்பருத்தி பத்து நாளில் துளிர்த்தது, மூன்றாவது வாரம் துளிர் சுருண்டு அடி கறுத்துவிட்டது. நெட்டிலிங்கம் அப்படியே காய்ந்தது. எங்கே தப்பு?

பச்சைவேலி:
நெட்டிலிங்கத்தை விட்டுவிடுங்கள், அதைக் குச்சியில் நம்பி இறங்க முடியாது. விதைதான் வழி. அதுவும் பழம் உதிர்ந்த சில நாளுக்குள் சதையைக் கழுவி விதைக்க வேண்டும், எடுத்து வைத்தால் முளைக்காது.

செம்பருத்தி துளிர்த்தது குச்சிக்குள் இருந்த மாவுச்சத்தால். இலை விரிந்ததும் தண்ணீர் கேட்கும், உறிஞ்ச வேர் கிடையாது. வாடுதே என்று மேலும் ஊற்ற, மண்ணில் காற்றோட்டம் போய் அடி அழுகும். வேர் விடும்வரை ஈரம் இலையைச் சுற்றி இருக்க வேண்டும், கீழே பிழிந்த துணி அளவுக்கு ஈரம் போதும்.

பென்சில் கனத்தில், பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய கிளையாக எடுங்கள். நுனித்தளிரும் வேண்டாம், முற்றிய கட்டையும் வேண்டாம். காலையில் வெட்டுங்கள். நீளம் 15 செ.மீ., மூன்று நான்கு கணு. அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே, புது பிளேடில். கத்தரி நசுக்கிய இடத்தில்தான் அழுகல் ஆரம்பிக்கும். மேலே இரண்டு இலை விட்டு அவற்றையும் பாதியாக நறுக்குங்கள். பூ, மொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள். இரண்டு கணு மண்ணுக்குள் போகட்டும்.

அடி அறுத்த 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்த்து மூடி, வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் வையுங்கள். கேன் உட்புறம் காலையில் வியர்த்திருந்தால் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். செம்பருத்திக்கு 4 முதல் 6 வாரம், இட்லிப்பூவுக்கு 6 முதல் 8 வாரம் ஆகும். இடையில் பிடுங்கிப் பார்க்காதீர்கள். முதலில் வருவது அரிசிக் குருணை மாதிரி வெள்ளை முடிச்சு, தொட்டாலே உதிரும்.

மண்ணும்மணலும்:
தொட்டிமண்ணும் போர் தண்ணீரும்தான் பாதிக் காரணம் என்பேன். பாலவாக்கம் மாதிரி கடலோரப் போர் தண்ணீரில் உப்பு அதிகம், புது வேர் நுனி கருகும். மழைத்தண்ணீரோ, சென்னைக் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீரோ ஊற்றுங்கள். ஆர்ஓ கழிவுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதில் உப்பு இன்னும் கூடுதல்.

தொட்டிமண்ணுக்குப் பதில் கழுவிய தேங்காய்நார்த் தூள் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு. நார்த்தூளிலும் உப்பு உண்டு. கழுவிய நீரின் நிறத்தை நம்பாதீர்கள். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் உள்ளே ஊற்றுவதும் வெளியே வடிவதும் கிட்டத்தட்ட ஒன்றாகும்வரை கழுவுங்கள். எம்-சாண்ட் என்றால் சலித்து, மாவுத்தூள் போக அலசுங்கள். இல்லையென்றால் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும்.

தோட்டம்_பாலவாக்கம்:
நன்றி சார். வேர் ஹார்மோன் எவ்வளவு? எப்போது ஆரம்பிக்கலாம்?

பச்சைவேலி:
செம்பருத்திக்கு இல்லாமலும் வரும். இட்லிப்பூவுக்குப் போட்டால் நல்லது. ஐபிஏ என்ற வேர் ஹார்மோன் தூள், 2000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2000 பங்கு): 0.2 கிராமை 50 மிலி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, பிறகு 50 மிலி தண்ணீர். நேரடியாகத் தண்ணீரில் போட்டால் கரையாது. அடி 2 செ.மீ. ஐந்து விநாடி முக்கி, ஆல்கஹால் உலர்ந்ததும் நடுங்கள். கூடுதல் நேரம் ஊறினால் அடி கருகும்.

ஆடி, ஆவணியில் குச்சி வைத்தால் வடகிழக்குப் பருவமழையின்போது தரைக்கு மாற்றலாம். சித்திரை வெயிலில் கேனுக்குள் வெந்துவிடும். மாற்றுவதற்கு முன் பத்து நாள், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேனைத் தூக்கிப் பழக்குங்கள். ஒரேயடியாகத் திறந்தால் மறுநாளே தொங்கிவிடும்.

கடலோரம்:
பாலவாக்கத்து உப்புக்காற்றுக்குச் சங்கங்குப்பியை யோசியுங்கள். கடற்கரையில் தானாக வளரும் செடி, பளபளப்பான இலை, எவ்வளவு வெட்டினாலும் அடர்த்தியாகும். மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். ஒன்றரை அடிக்கு ஒன்று வைத்தால் 40 அடிக்கு 27 செடி, 45 குச்சி போடுங்கள். செம்பருத்தியே வேண்டுமென்றால் தாய்ச்செடியின் இலைக்கக்கத்தில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள். கேனுக்குள் அது வேகமாகப் பெருகும்.